மாங்காய்க் குடோனை ஆபீஸ் ஆக்கிய கதை: முட்டை அட்டை, கிரானைட் மேஜை, ஒரு தகரச் சுவர்

போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். வாசல் பக்கத்துச் சுவரில் மாம்பழக்கூழ் டின்னுக்கான லேபிள் ஒன்றை ஒட்டி வைத்து நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல சத்தமான சண்டை. அதே நேரம் முப்பதடி தள்ளிக் கடைசி மேஜையில் இருந்த பெண் ஒரு விதைப் பாக்கெட்டுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை, காதில் ஹெட்செட்டும் இல்லை. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த ஒரு காட்சிக்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தொழில் டிசைன். லேபிள், அட்டைப்பெட்டி, விதைப் பாக்கெட், கடை போர்டு. மொத்தம் ஒன்பது பேர். கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகள் ஓடும்வரை வேலைக்குக் குறைவில்லை. மார்ச் பிறந்தால் ஜூலை வரை மூச்சுவிட நேரமிருக்காது. முன்பு ரவுண்டானா பக்கம் ஒரு மாடியில் இரண்டு சின்ன அறைகளில் இருந்தோம். ஓர் அறையில் டிசைன், இன்னொன்றில் கணக்கும் பிரிண்டரும். இந்த அறையில் நடப்பது அந்த அறைக்குத் தெரியாது. ஒரே பார்ட்டிக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்து முடித்த கூத்தும் நடந்தது. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு மாங்காய் மண்டியின் பழைய குடோன் வாடகைக்குக் கிடைத்தது. 40 அடி நீளம், 22 அடி அகலம். சுவர் 12 அடி, நடு உச்சி 15 அடி. தகரக் கூரை, சிமெண்ட் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர். மூலையில் பழைய மரப்பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. “அதையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க” என்றார் ஓனர். சுத்தம் செய்யும் வேலையை நம் தலையில் கட்டுகிறார் என்றுதான் அன்று தோன்றியது.

கூரை

முதல் வேலை சூடு. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு, தூரத்தில் இருந்தே சூடு பார்க்கும் கன் ஒன்றை இரவல் வாங்கிக் கூரையின் அடிப்பக்கம் காட்டினேன்: 58 டிகிரி. கீழே உட்கார்ந்தால் தலைக்கு மேல் தோசைக்கல். வெள்ளைக் கூலிங் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். கூலியோடு ரூ.13,500. இதிலும் ஒரு தப்பு. முதல் கோட்டைப் பதினொரு மணி வெயிலில் அடிக்கவிட்டேன். சூடான தகரத்தில் பெயிண்ட் பட்டதும் காய்ந்து, மறுநாள் பட்டை பட்டையாக உரிந்தது. அப்புறம் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் ஏணியை இறக்கிவிட வேண்டும் என்று பேசி மறுபடி அடித்தோம். அதன்பின் அதே நேரம், அதே இடத்தில் 44 டிகிரி. ஏசி போட்ட மாதிரி எல்லாம் இல்லை. நாலு ஃபேன் சுற்றினால் வேலை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரே மேஜை

அடுத்ததுதான் என் பெரிய ஐடியா. நடுவில் 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரே மேஜை. 19 எம்எம் பிளைவுட், மேலே சன்மைகா, கீழே இரும்புப் பைப். ரூ.46,000. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். கல்யாணப் பந்தி மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும், யோசனை பிறக்கும் என்று கணக்கு.

இரண்டே வாரம். எட்டுப் பேர் காதிலும் ஹெட்செட். எதிரில் நாலடி தூரத்தில் இருப்பவனுக்கு வாட்ஸாப்பில் “லோகோ அனுப்பு” என்று மெசேஜ். ஒருவர் போனில் பேசினால் எட்டுப் பேருக்கும் கதை தெரிந்துவிடும். அதனால் போன் வந்தால் எல்லோரும் ரோட்டுக்கு ஓடினார்கள். பழைய அறைகளில் சண்டையாவது வரும். இங்கே அதுவும் இல்லை.

என் கைராசி என்று நினைத்தேன். பிறகுதான் ஒன்று படித்தேன். ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்ற இருவர் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். தடுப்புகளை எடுத்துத் திறந்த ஹாலுக்கு மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் உடம்பில் சென்சார் மாட்டி அளந்ததில், நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியதாம். பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றதும் கொஞ்சம் ஆறுதல். 46,000 ரூபாய்க்கு ஆறுதல் ஆகாது, அது வேறு விஷயம்.

முட்டை அட்டை

யாரும் பேசாததற்குப் பாதிக் காரணம் எதிரொலி என்று தாமதமாகத்தான் புரிந்தது. ஹால் நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் கூரையில் ஏறிச் சுற்றிவிட்டு வந்தது. அந்தத் தட்டலைப் போனில் பதிந்து எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். அலை அடங்க இரண்டு நொடிக்கு மேல் ஆனது. இதில் எட்டுப் பேர் பேசினால் சந்தைக்கடைதான்.

முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டைக் கடையில் 240 அட்டை, ஒன்று மூன்று ரூபாய் என்று வாங்கி வந்து இரண்டு சுவரில் ஒட்டினோம். திங்கள் காலை கை தட்டினேன். அதே அலை, அதே நீளம். தட்டலின் கூர்மை லேசாக மழுங்கியிருந்தது. பேச்சுச் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அட்டை அத்தனை மெல்லிசு, அது எதைக் குடிக்கும்? ஆனால் கரப்பானுக்கு மட்டும் 240 வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்றாவது வாரம் சுரண்டி எடுத்தோம். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

வேலை செய்தது ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த நாரில் செய்த பஞ்சுப் பலகை. பெங்களூரு போய் 48 டென்சிட்டி (ஒரு கன மீட்டர் 48 கிலோ), 50 எம்எம் தடிமன், 1200க்கு 600 எம்எம் அளவில் ஸ்லாப் வாங்கி வந்தோம். ஆசாரி ரீப்பரில் 4 அடிக்கு 2 அடி சட்டம் அடித்துக் கொடுத்தார். ஸ்லாப்பை முதலில் மெல்லிய நான்-ஓவன் துணியில் சுற்றி, சட்டத்துக்குள் வைத்து, மேலே காடாத் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தோம். துணி வாங்கும்போது ஒரே ஒரு சோதனை: வாயை வைத்து ஊதினால் அடுத்த பக்கம் காற்று வர வேண்டும். வராத துணியைப் போட்டால் சத்தம் உள்ளே போகாமல் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். சோபா துணி அழகாக இருக்கிறதே என்று நாலு மீட்டர் வாங்கி, ஊதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ராக்வூலை வெறும் கையில் தொடவே தொடாதீர்கள். முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க் மூன்றும் வேண்டும். எனக்கு இரண்டு நாள் முழங்கை அரித்தது.

ஒரு பேனல் எல்லாம் சேர்த்து ரூ.680. மொத்தம் 24. பத்தைச் சுவரில் மாட்டினோம். பதினான்கைக் கூரையின் இரும்புச் சட்டத்தில் இருந்து தொங்கவிட்டோம், இரண்டு முகமும் காற்றில் இருக்கிற மாதிரி. முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே சங்கிலி போட்டோம். ஃபேன் காற்றுக்கு எல்லாம் ஊஞ்சல் ஆடிக் கிறீச்சிட்டன. இரண்டு கொக்கி போட்டதும் நின்றுவிட்டது. மறுபடி கை தட்டினேன். ஒரு நொடி சொச்சத்தில் அலை அடங்கியது. வாசலில் இரண்டு பேர் பேசினால் கடைசி மேஜையில் சத்தம் அளக்கும் போன் ஆப் முன்பு 62 டெசிபல் காட்டியது, இப்போது 55. ஆப் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

ஒரு வாரம் நோட்டுப் புத்தகம்

இதற்குள் கையில் காசு குறைந்துவிட்டது. எதையும் வாங்காமல் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து, யார் யாரோடு எங்கே நின்று பேசுகிறார்கள் என்று மட்டும் குறித்தேன். பையன்களுக்குச் சந்தேகம் வந்து, “என்னண்ணா, அட்டென்டன்ஸா?” என்று கேட்டுவிட்டார்கள். வேலை சம்பந்தமாக உருப்படியாக நடந்த பேச்சு 19. அதில் 14 தண்ணீர் கேன் பக்கமும் பிரிண்டர் பக்கமும். எல்லாமே நின்றுகொண்டு, கையில் பேப்பரோடு. நான் 46,000 செலவழித்த மேஜையில் நடந்தது ஒன்று. ஒன்றுக்கு 1,800 கொடுத்து வாங்கிய மூன்று பீன் பேக்கில் பூஜ்யம். அதில் இன்றுவரை உட்கார்ந்தது ஓனரின் பேரன் மட்டும்தான்.

அப்புறம்தான் வழி தெரிந்தது. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேஜை வரும் இடத்தில் தினத்தாளை விரித்து, மூன்று நாள் அதைச் சுற்றியே நடந்து பார்த்தோம். பேப்பர் கசங்கும் இடம் நடைபாதை. அங்கே மேஜை வரக்கூடாது. இரண்டு தடவை இடம் மாற்றினோம், செலவு இல்லை.

முடிவு இது. வாசல் பக்கம் 14 அடி சத்தத்துக்கு: டீ ஃபிளாஸ்க், தண்ணீர் கேன், பிரிண்டர், நின்று பேசும் மேஜை, ஒட்டிப் பார்க்கும் சுவர். உள்பக்கம் 26 அடி வேலைக்கு. 20 அடி மேஜையை ஆசாரி நீளவாக்கில் இரண்டாகவும் குறுக்கே நாலாகவும் அறுத்து, 5 அடிக்கு 2 அடி அளவில் எட்டுத் தனி மேஜை ஆக்கினார். கால், ஓரப்பட்டி எல்லாம் சேர்த்து ரூ.14,000. “இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரே கூலில முடிச்சிருப்பேனே சார்” என்றார். இரண்டடி அகலம் மானிட்டருக்குக் கொஞ்சம் நெருக்கம். இரண்டேகால் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவே தடுப்பு வேண்டும். அப்போதுதான் மூலையில் கிடந்த மரப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டு, பெட்டிக்குப் பெட்டி போல்ட் போட்டு, நாலரை அடி உயரத்துக்கு அடுக்கினோம். உள்ளே சாம்பிள் ரோல், பழைய அட்டை, துணிப் பை எல்லாம் திணித்தோம். உட்கார்ந்தால் மறைக்கும், எழுந்து நின்றால் எல்லோர் முகமும் தெரியும். இந்த நாலரை அடிதான் சூட்சுமம். முதலில் ஆறடிக்கு அடுக்கிப் பார்த்தோம், பழைய இரண்டு அறை திரும்பி வந்துவிட்டது.

கிரானைட் மேஜை

நின்று பேசும் மேஜை விஷயத்தில் ஊர்ப்பாசம் கண்ணை மறைத்தது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கிரானைட் இல்லாமலா? பர்கூர் பக்கம் ஒரு பாலிஷ் பட்டறையில் ஓரம் உடைந்த பலகை 8 அடிக்கு 3 அடி, 18 எம்எம், ரூ.2,400-க்குக் கிடைத்தது. கீழே இரும்பு ஃபிரேம், நாலு சக்கரம், ரூ.9,500. சக்கரம் எதற்கு என்றால், எங்கே பேச்சோ அங்கே மேஜையைத் தள்ளிக்கொண்டு போகலாமே என்று.

கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. இந்தப் பலகை மட்டும் 108 கிலோ வருகிறது. கணக்கை நான் போட்டது சக்கரம் வளைந்த பிறகு. சிமெண்ட் தரையின் வெடிப்பில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது, நாலு பேர் தூக்கித்தான் எடுத்தோம். மேலே டீ டம்ளர் வைத்தால் டொக், ஸ்கேல் வைத்தால் டங். இத்தனை ராக்வூல் மாட்டிவிட்டு நடுவில் ஒரு தாளத்தை வைத்த மாதிரி ஆயிற்று. அந்தப் பலகை இப்போது வாசலில் செருப்பு கழற்ற உட்காரும் திண்ணை. அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஃபிரேமை மட்டும் வெல்டிங் கடைக்குக் கொண்டு போய், 6 அடிக்கு 3 அடியாகக் குறைத்து, பைப் சேர்த்து 40 அங்குல உயரத்துக்கு ஏற்றினோம். மேலே 19 எம்எம் பிளைவுட், அதற்கு மேல் ரப்பர் மேட். மூன்று அங்குல சக்கரம், இரண்டுக்கு பிரேக். ரூ.5,200. 40 அங்குலம் என் உயரத்துக்குச் சரி. குள்ளமாக இருக்கும் இருவர் 38 கேட்டார்கள். அடுத்த தடவை 38தான்.

தகரச் சுவர்

வேலையை ஒட்டிப் பார்க்கும் சுவர் இது. எல்லாவற்றிலும் செலவு குறைவு, பலன் அதிகம் இதில்தான். 8 அடிக்கு 4 அடி ஜிஐ ஷீட் இரண்டு, 24 கேஜ். பின்னால் ரீப்பர் அடித்துச் சுவரில் ஸ்க்ரூ போட்டோம். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1943-ல் போர்க்கால அவசரத்துக்கு ஒரு மரக் கட்டடம் போட்டார்கள், ‘பில்டிங் 20’ என்று. 1998-ல் இடிக்கும் வரை அங்கே இருந்தவர்கள் வேண்டிய இடத்தில் சுவரைத் துளைத்து வேலை பார்த்தார்களாம். எங்கள் ஓனர் ஒரு ஆணிக்கு மூன்று நாள் யோசிப்பார். பன்னிரண்டு ஸ்க்ரூவுக்கு அனுமதி வாங்கியது தனிக் கதை.

ஷீட்டின் பளபளப்பு கண்ணைக் கூசியது. பிரைமர் அடித்து, மங்கலான சாம்பல் பெயிண்ட் அடித்தோம். வெள்ளை அடிக்கவில்லை; வெள்ளைக்கு நடுவில் லேபிளின் நிறம் வேறு மாதிரி தெரியும். மேலே 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்ற எண்) 90க்கு மேல் உள்ள டியூப் நாலு. அச்சு வேலையில் நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வழக்கம். முன்பு இருந்த 6500 டியூபில் மஞ்சள் எல்லாம் பச்சை தட்டித் தெரிந்து, பிரஸ்ஸில் போய் அசடு வழிந்திருக்கிறோம். சுவர் ரூ.6,800, டியூப் ரூ.3,600. ஒட்டுவதற்கு பட்டன் காந்தம்.

விதி ஒன்றுதான்: செய்துகொண்டிருக்கும் வேலை எதுவானாலும் சாயங்காலத்துக்குள் அதன் பிரிண்ட் சுவரில் இருக்க வேண்டும். முடிந்ததை மட்டும் ஒட்டக்கூடாது. முதல் வாரம் வெட்கப்பட்டார்கள். அப்புறம் டீ எடுக்க வருகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை நடந்தது அதுதான். கூழ் டின் லேபிள். மூன்று டிசைனர்கள் எழுத்து பெரிதா சிறிதா என்று மல்லுக்கு நின்றார்கள். கணக்கு பார்க்கும் அக்கா டம்ளரோடு வந்தார். சந்தூர் பக்கம் மாந்தோப்பு வீட்டில் பிறந்தவர். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “எழுத்து கிடக்கட்டும் தம்பி. உள்ள பெங்களூரா கூழ்னு போட்டிருக்கு, வெளிய செந்தூரா படம் போட்டிருக்கீங்க” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் காந்தத்தை நகர்த்திவிட்டு விரலை வைத்துக் காட்டினார். “தோள்ல செவப்பு இருக்கு பாருங்க, அது செந்தூரா. பெங்களூராவுக்கு மூக்கு கிளி மாதிரி வளைஞ்சு நிக்கும். இதுக்கு மூக்கே இல்லயே.” பெங்களூராவுக்குக் கிளிமூக்கு என்றே ஒரு பெயர் உண்டு. ஊரே அதைத் தின்று வளர்ந்திருக்கிறோம், ஒருவன் கண்ணிலும் படவில்லை. இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே வைத்திருந்தான் பையன். அதை ஒத்துக்கொள்ளாமல் அவன் வாதாட, அக்கா விடாமல் பிடிக்க, சத்தம் ஏறியது. பழைய இடத்தில் இருந்திருந்தால் அக்கா கண்ணில் அந்த லேபிள் பட்டிருக்கவே படாது. நாற்பதாயிரம் லேபிள் அச்சாகி ஆலைக்குப் போன பிறகு, அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

போன் கேபின்

இது இன்னும் முழுசாகத் தேறவில்லை. 4 அடிக்கு மூன்றரை அடி, 7 அடி உயரம். 9 எம்எம் பிளைவுட் இரண்டு பக்கமும், நடுவில் ராக்வூல். ரூ.31,000. முதல் நாள் உள்ளே போய்ப் பேசினால் வெளியே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கதவுக்குக் கீழே ஓர் அங்குல இடைவெளி. ரப்பர் பட்டை அடித்ததும் பாதி நின்றது. மீதி, ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக வந்தது. அதற்கு வெளியே ராக்வூல் ஒட்டிய பெட்டி ஒன்று வைத்து, காற்று இரண்டு தடவை வளைந்து போகிற மாதிரி செய்தோம். சத்தம் நின்றது, காற்றும் குறைந்தது. பதினைந்து நிமிடம் பேசினால் உள்ளே 31 டிகிரி 35 ஆகிறது. யாரும் வளவளவென்று பேசுவதில்லை என்பது ஒரு லாபம்.

கணக்கு முடித்தால் மொத்தம் ரூ.1,54,440. மறுபடி செய்தால் நோட்டுப் புத்தக வாரத்தை முதலில் வைப்பேன், அடுத்து தகரச் சுவர், அடுத்து பேனல். பெரிய மேஜை, முட்டை அட்டை, கிரானைட், பீன் பேக் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

தீராதது ஒன்று இருக்கிறது: மழை. தகரத்தில் மழை விழுந்தால் ஆப் 78 காட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வாசல் திண்ணையில் போய் உட்காருகிறோம். கூரைக்கு அடியில் ரீப்பர் அடித்து, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ராக்வூல் திணித்தால் அடங்கும் என்கிறார் ஆசாரி. ஐப்பசிக்குள் வந்து அளவெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.